மன்னாரில் வீடமைப்பும் உள்ளூராட்சியும்

ஈழத்தின் வடமேற்குக் கரையை அடுத்துக் கிடக்கும் மன்னார்த் தீவு பெரும்பாலும் மணற்பாங்கானது. மழைநீர் அம்மணலுள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கின்றது. அப்படையைத் தொடும் ஆழமற்ற கிணறுகளே தலைமுறை தலைமுறையாக ஊர்களைத் தாங்கி வந்தன. மிகுதியாக இறைத்தாற் கிணறு உவர்க்கும். மலக்குழி அண்மையில் அமைந்தால் நீர் கெடும். மாரியில் தாழ்நிலங்களில் வெள்ளம் தேங்கும். ஆதலின், இங்கு வீட்டை எங்கே கட்டுவது, எதனை முதலிற் செய்வது என்னும் வினா ஒரு குடும்பத்தோடு முடிவதன்று. ஊர் முழுவதையும் தொடுவதாகும். அவ்வினாவுக்கு விடைகூறும் அதிகாரம் காலந்தோறும் யாரிடம் இருந்தது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

1560இற் போர்த்துக்கீசரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் மன்னாரைக் கைக்கொண்டனர். கோட்டை, துறைமுகம், முத்துக்குளிப்பு ஆகியவற்றின் வருவாயே அவர்தம் கருத்தைக் கவர்ந்தது. குடிமக்களின் இல்லங்கள் சட்டத்தின் பார்வைக்கு வந்தது நெடுங்காலத்தின் பின்னரேயாம். 1914இற் கொழும்பிற் பிளேக் நோய் பரவியதை அடுத்து, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. சபையின் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பலாகாது. கட்டியபின் சான்றிதழ் பெறாது குடிபுகலாகாது என அது விதித்தது. 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1946ஆம் ஆண்டின் பட்டின சபைகள் கட்டளைச் சட்டமும் உள்ளூர் மன்றங்களுக்கு உருவம் அளித்தன. எனினும், அம்மன்றங்களின் தொழில் பெரும்பாலும் தடுப்பதாகவே இருந்தது. தீங்கான வீட்டை மறுக்க அவற்றுக்கு அதிகாரம் உண்டு. வீடற்றோரை எண்ணி, யாருக்கு எப்பொழுது வீடு என வரிசை வகுக்கும் கடமை இல்லை.

இவ்வேறுபாட்டின் ஆழத்தைப் பிரித்தானியாவின் வரலாறு காட்டும். 1919இல் அங்கு நிறைவேறிய வீடமைப்புச் சட்டம், ஒவ்வோர் உள்ளூர் மன்றமும் தன் எல்லையின் வீட்டுத் தேவையை அளந்து திட்டம் சமர்ப்பிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. செலவின் பெரும்பகுதியை மத்திய அரசு ஏற்றது. ஆட்சியாளர் தம் நாட்டில் மன்றங்களுக்கு விதித்த கடமையை ஈழத்து மன்றங்களுக்கு விதித்தாரல்லர்.

சுதந்திரத்தின் பின்னும் வீடமைப்பு தலைநகரின் பணியாகவே வளர்ந்தது. 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டமும், 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் தோன்றின. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம் இப்போக்கைச் சிறிது மாற்றியது. வீட்டுக்காரரே கட்டுவர், அரசு சிறுகடன் கொடுத்துத் துணைநிற்கும் என்பது அதன் கொள்கை. 1985இல் அதன் நகரப் பிரிவு தொடங்கியபோது உள்ளூர் மன்றங்களுக்கும் அதிற் பங்கு கிடைத்தது. ஆயின், அவ்வாண்டுகளிலேயே வடக்கிற் போர் மூண்டமையால், அவ்வழக்கம் இங்கு வேரூன்ற வாய்ப்பில்லாது போயிற்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பிரதேச சபைகளிடம் சுகாதாரமும் தெருக்களும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளும் ஒப்படைக்கப்பட்டன.

போர் மன்னாரின் குடிவரைபடத்தையே கலைத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னாரிலிருந்து சென்றோர் பலர் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். தமிழரிற் பலர் படகேறி இந்தியா சென்றனர். வேறு பலர் மடுவில் அடைக்கலம் புகுந்தனர். 2007இல் முசலிப் பகுதியின் முள்ளிக்குளம் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வூரிற் கடற்படை நிலைகொண்டது. 2009இற் போர் முடிந்து மக்கள் மீண்டபோது, பழைய வளவுகளைக் காடு மூடியிருந்தது. ஒரு குடும்பமாகப் போனோர் பல குடும்பங்களாகத் திரும்பினர். 2017இல் மாவில்லு வன ஒதுக்கம் பிரகடனமானபோது, குடிநிலத்துக்கும் காட்டுக்கும் எல்லை எது என்னும் பிணக்கு நாடெங்கும் பேசப்பட்டது.

இந்நிலையில் வந்தது இந்திய வீடமைப்புத் திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளுள் ஏறத்தாழ 46,000 வடக்குக் கிழக்குக்கு உரியன. புதுவீட்டுக்கு 5,50,000 ரூபா கட்டுமானத்தின் படிநிலைக்கேற்பத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கணவனை இழந்த பெண்கள் தாங்கும் குடும்பம், முதியோர், உடற்குறையுடையோர் என நிலைமை நோக்கி முதன்மை வழங்கப்பட்டது. தேவை நோக்கிய இவ்வரிசை நேரியதே. எனினும், நிலத்துக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதார் அவ்வரிசையில் இடம்பெறுதல் அரிதாயிற்று. போரில் ஆவணம் இழந்தோரும், பெற்றோரின் வளவைப் பங்கிட்டுக்கொண்ட இளங்குடும்பத்தோருமே மிகுதியும் வீடு வேண்டி நின்றோர் என்பதை எண்ணுக.

பயனாளிகளின் பட்டியல் மாவட்ட, பிரதேச செயலகங்களின் வழியாக உருவாவது. கிணறும் வடிகாலும் தெருவும் கழிவும் மன்னார் நகர சபை, மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்குப் பிரதேச சபைகள் ஆகிய ஐந்தின் கவலை. முன்னையது குடும்பத்தை நோக்குவது; பின்னையது இடத்தை நோக்குவது. ஒன்றையொன்று அறியாது இரண்டும் நடக்குமாயின், தகுதியுடைய குடும்பத்துக்குத் தகுதியற்ற இடத்தில் வீடு எழும். நெருங்கி எழுந்த மலக்குழிகள் அயலார் கிணற்றைக் கெடுத்தபின், வழங்கிய வீடு நன்மையோ என்னும் ஐயம் எழும்.

ஆகவே, வீடமைப்பின் முன்னுரிமை மூன்று படிகளில் அமைதல் தக்கது. முதலாவது, நிலவுரிமையைத் தீர்த்தல். இரண்டாவது, நீரும் வடிகாலும் தாங்கும் இடத்தைத் தேர்தல். மூன்றாவது, தேவை மிக்க குடும்பத்தை முன்வைத்தல். முதலாவது அரசின் கடன். மூன்றாவதைச் செயலகங்கள் செய்து வருகின்றன. இடைப்பட்டதை ஊரின் மேடுபள்ளம் அறிந்த மன்றமே செய்ய வல்லது. கட்டிய வீட்டுக்குச் சான்றிதழ் வழங்கும் அம்மன்றத்தை, கட்டுமுன் கலந்து கேட்பதே முறையாகும்.