இராகலைவரை வந்த புகையிரதம்

அந்நியப் படையின் பிடியிலுள்ள நாட்டில் ஏற்படும் பொருளாதார வளர்ச்சி யாருடைய வளர்ச்சி? வீதியும் புகையிரதமும் தேயிலையும் ஆங்கிலேயர் மலையகத்துக்கு அளித்த நன்மைகள் என்பாருளர். அவை தோன்றிய வரலாறோ வேறொன்றை உணர்த்துகின்றது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817–18இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சி, ஊர்களும் வயல்களும் பாழாக்கப்பட்டு அடக்கப்பட்டது. மலைநாட்டிற் படைகளை விரைவாக நகர்த்தவேண்டிய தேவையே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்துக் கொழும்பு–கண்டி வீதிக்கு வித்திட்டது. அதனை அமைக்க இராசகாரிய முறையின்கீழ்க் குடிமக்கள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். படைக்காக எழுந்த வீதி விரைவிற் கோப்பிக்குரியதாயிற்று. பார்ன்சும் கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. நிலம் இவ்வாறு தோட்டக்காரர் கைக்குச் சென்றது; உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்துவந்தோருட் பலர் நோய்க்கும் பசிக்கும் இரையாயினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பெற்றது.

புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து பிரிந்த ஒடுங்கிய கிளைப்பாதை நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904இல் இராகலையை எட்டிற்று. அப்பகுதித் தேயிலையை வெளியேற்றுவதும் தோட்டங்களுக்கு வேண்டிய பண்டங்களைக் கொணர்வதுமே அதன் தலையாய பணி. வீதிப் போக்குவரத்தின் போட்டி மிகுந்தபோது, 1940களில் அப்பாதை கைவிடப்பட்டது.

தேயிலைக்குப் புகையிரதம் கிடைத்த அந்த 1904இல், அதனைப் பறித்தோர் கடனைக் காட்டித் தொழிலாளரைத் தோட்டத்தோடு பிணித்த துண்டுமுறையின்கீழ் வாழ்ந்தனர். அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்ச வேதனத்துக்கான சட்டம் 1927இலேயே வந்தது. சரக்கு இறங்கப் பாதை அமைத்த ஆட்சிக்கு, உழைத்தவரின் ஊதியத்தைச் சட்டத்தால் வரையறுக்க மேலும் 23 ஆண்டுகள் தேவைப்பட்டன.

எனவே, ஆக்கிரமிப்பின்கீழ் வளர்ச்சியே ஏற்படவில்லை எனல் பொருந்தாது. உற்பத்தி வளர்ந்தது, ஏற்றுமதி பெருகிற்று. ஆனால் எதை, எவருக்காக வளர்ப்பது எனத் தீர்மானிக்கும் உரிமை உழைத்தவரிடம் இருக்கவில்லை. 1948இல் அந்நிய ஆட்சி நீங்கியபோதும் அவ்வுரிமை அவரை அடையவில்லை. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. ஆட்சி கைமாறிற்று, தேயிலைக்குத் திறந்திருந்த வழி, அதனைப் பறித்தவருக்கு அடைபட்டே கிடந்தது.