இருபுறப் பூச்சும் ஒருபுற நீக்கமும்: எக்ஸ்-ரே ஃபிலிமின் வரலாறு

1895 நவம்பர் 8 அன்று வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது, அவற்றைப் பதிவுசெய்யத் தனிச் சாதனம் ஏதும் இருக்கவில்லை. ஒளிப்படக்காரர்கள் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டையே அவரும் பயன்படுத்தினார். மருத்துவம் இவ்வாறு ஒளிப்படக்கலையிடம் கடன் பெற்றது. நூறாண்டுகளுக்குப் பின், பெருவடிவக் கேமராவைக் கையாளும் கலைஞர்கள் மருத்துவ ஃபிலிமை வாங்கித் தம் கேமராவில் பொருத்தலாயினர். ஆனால் அதற்குள் மருத்துவம் சேர்த்திருந்த ஒரு பூச்சை, அவர்களுள் பலர் கரைத்து நீக்க வேண்டியிருந்தது.

அந்தப் பூச்சு ஏன் வந்தது என்பதை முதலில் காண வேண்டும். எக்ஸ் கதிர்களின் மிகச் சிறு பகுதியை மட்டுமே வெள்ளி உப்புகள் கலந்த பால்மம் உட்கொள்கிறது. எஞ்சியவை ஊடுருவிச் சென்றுவிடுகின்றன. எனவே தொடக்கக்காலத்தில் ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் கதிர் பாய்ச்ச நேர்ந்தது. அதன் தீங்கை மனித உடல்களே ஏற்றன. எடிசனின் உதவியாளராய் இருந்த கிளாரன்ஸ் டாலி கதிர்ப் புண்களாலும் புற்றுநோயாலும் 1904இல் இறந்தார். கதிரை ஒளியாக மாற்றும் கால்சியம் டங்ஸ்டேட் ஒளிர்திரை, கதிர் பாய்ச்சும் நேரத்தைக் குறைத்தது.

முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்திலிருந்து வந்துகொண்டிருந்த கண்ணாடி தடைப்பட்டது; போர்முனை மருத்துவத்திற்கு உடையாத ஊடகமும் தேவைப்பட்டது. 1918இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் இருபுறமும் பால்மம் பூசிய ஃபிலிமை வெளியிட்டது. இரண்டு ஒளிர்திரைகளுக்கு நடுவே அதனை வைத்தால், ஒவ்வொரு திரையின் ஒளியையும் அதனை ஒட்டிய பூச்சு பதிவுசெய்யும். இரு படிமங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி அடர்த்தி கூடும். நோயாளி பெறும் கதிரளவு குறையும். இரண்டாம் பூச்சின் நோக்கம் இதுவே. அக்கால ஃபிலிமின் அடித்தளம் எளிதில் தீப்பற்றும் செல்லுலோஸ் நைட்ரேட். 1929 மே 15 அன்று கிளீவ்லண்ட் கிளினிக்கில் சேமித்து வைத்திருந்த எக்ஸ்-ரே ஃபிலிம்கள் எரிந்து, நச்சுப் புகையால் 123 பேர் மாண்டனர். அதன்பின் எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட் அடித்தளத்திற்கு மாறுவது விரைவுபட்டது. பிற்காலத்தில் பாலியஸ்டர் வந்தது.

இந்தியாவில் 1960இல் அரசுத் துறையில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், உதகமண்டலத்திலிருந்து 'இந்து' என்னும் பெயரில் எக்ஸ்-ரே ஃபிலிம்களை மருத்துவமனைகளுக்கு வழங்கியது. பின்னாளில் அந்நிறுவனம் நலிந்து மூடப்பட்டது.

ஒளிப்படக்காரர்களை இந்த ஃபிலிம் ஈர்த்ததற்கு முதற்காரணம் விலை. 8×10 அங்குலத் தாளில் சாதாரணக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமைவிட இது மிக மலிவு. ஒளிர்திரையின் நீலத்தையோ பச்சையையோ பதியவே உருவாக்கப்பட்டதால், செவ்வொளியை இது உணராது. மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் கண்டே கழுவலாம். ஆனால் கேமராவில் ஒளி ஒரு பக்கத்திலிருந்தே வருகிறது. முன்பூச்சில் படிமம் கூர்மையாய் விழ, அடித்தளத்தைக் கடந்து பின்பூச்சை அடையும் ஒளி சிதறி, மங்கலான இரண்டாம் படிமத்தை உண்டாக்குகிறது. ஒளிச்சிதறலைத் தடுக்கும் பின்படலமும் இதில் இல்லை. மேலும், இருபுறமும் மென்மையான ஜெலட்டின் இருப்பதால் கழுவும் தட்டில் கீறல் விழுவதும் இயல்பு.

ஆகவே பின்பூச்சை நீக்கும் முறை வழக்கிற்கு வந்தது. படத்தை உருத்துலக்கி, நிலைநிறுத்தி, நன்கு அலசி உலர்த்தியபின், முன்பூச்சு கீழ்நோக்கி இருக்குமாறு கண்ணாடிமேல் வைத்து, விளிம்புகளை நீர்புகா நாடாவால் அடைப்பர். மேலுள்ள பூச்சின்மீது சோடியம் ஹைப்போகுளோரைட் சலவைத் திரவத்தைத் தடவினால் ஜெலட்டின் சிதைந்து, வெள்ளியோடு வழிந்துவிடும், பாலியஸ்டர் சேதமுறாது. நாடாவில் சிறு இடைவெளி இருந்தாலும் திரவம் உட்புகுந்து முன்படிமத்தை அழித்துவிடும். அமிலத் தன்மையுள்ள கரைசலோடு அத்திரவம் கலந்தால் குளோரின் வாயு எழும். முன்னதாக நன்கு அலசுவது அதனாலும் இன்றியமையாதது.

கூர்மை கிட்டும்போது அடர்த்தி குறைகிறது. எனவே நீக்கப்போகும் படத்தை முன்கூட்டியே மிகையாக உருத்துலக்குவர். பிளாட்டினம் போன்ற பழைய அச்சுமுறைகளுக்கு அடர்த்தி மிக்க நெகட்டிவ் தேவைப்படுவதால், அவற்றை நாடுவோருள் சிலர் இரு பூச்சுகளையும் விட்டுவைக்கின்றனர்.

இது மருத்துவத்தின் முடிவைத் தலைகீழாக்குவது போலத் தோன்றலாம். எனினும் மார்பகக் கதிர்ப்படத்தில், நுண்ணிய கால்சியப் புள்ளிகளைக் காணும் பொருட்டு, மருத்துவமே ஒற்றைத் திரையையும் ஒருபுறப் பூச்சு ஃபிலிமையும் தேர்ந்தது. கதிரளவா, கூர்மையா என்னும் கேள்விக்கு இடத்திற்கேற்ற விடைகள் மருத்துவத்துக்குள்ளேயே இருந்தன.

ஆவணக் காப்பகங்களில் பணிபுரிவோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். நீக்கம் நேர்ந்த தாள் ஒன்றைப் பொருள்நிலையில் ஆராய்வோர், அது ஒருபுறப் பூச்சாகவே தயாரிக்கப்பட்டது எனப் பிழையாய்ப் பதிவுசெய்யக்கூடும். நீலச் சாயல் கொண்ட அடித்தளம், வட்டமாக வெட்டிய மூலைகள், ஒருபுறம் மட்டும் பளபளக்கும் வெற்றுப் பரப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் ஐயுற இடமுண்டு. பழைய எக்ஸ்-ரே ஃபிலிம்கள் வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டு வரும் இக்காலத்தில், எஞ்சிய தாள்களின் இருபுறங்களையும் பார்த்துக் குறித்துவைப்பது வரலாற்றாசிரியரின் கடமையாகிறது.