வெட்டு உண்டா, இல்லையா?

கோடை விடுமுறைக்கு என் அக்காள் மகன் பாகூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு வந்திருந்தான். பட்டணத்துக் கல்லூரிப் பிள்ளை. பெட்டியைத் திறந்தான். துணிமணிகளுக்கு மேலே ஒரு தடித்த புத்தகமும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் கிடந்தன.

"ஆளுக்கொரு பாத்திரம், மாமா. ஒருவன் வீரன், ஒருவன் மந்திரவாதி. நடுவர் கதையை நடத்துவார். சந்தேகமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்" என்றான்.

வேஷம் கட்டாத தெருக்கூத்து என்று புரிந்துகொண்டேன். ஆனால் அவன் முகத்தில் உற்சாகமில்லை. எந்த விதிப் புத்தகத்தை வைத்து ஆடுவது என்பதில் நண்பர்களுக்குள் சச்சரவாம். "நடுவர் கெட்டிக்காரராயிருந்தால் எந்த விதியாயிருந்தால் என்ன?" என்பது அவன் கட்சி.

எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது.

திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கீறி, பித்தளைப் பகடைகளை உருட்டித் தாயம் ஆடுவாள் பாட்டி. வாசலில் மேயும் மாட்டைக்கூட அதட்டி விரட்டாதவள். ஆனால் எங்கள் வீட்டு ஆட்டத்தில் ஒரு விதி: எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் நம் காய் நடுக்கட்டத்துக்குப் போய்ப் பழமாகும். அந்த விதி அவளை வேட்டைக்காரியாக்கிவிடும்! அவள் தங்கையை வில்லியனூரில் கொடுத்திருந்தது. அந்த வீட்டில் வெட்டாமலே பழமேறலாம். அங்கே ஆட்டம் வெற்றிலையும் ஊர்க்கதையுமாக நடக்கும்.

ஒருநாள் சின்னப் பாட்டி எங்கள் திண்ணையில் ஆட உட்கார்ந்தாள். அவளுடைய கடைசிக் காய் பழமாகப் போகும் சமயம். "நீ இன்னும் வெட்டவேயில்லையே" என்றாள் பாட்டி. "எங்க ஊர்ல அப்படிச் சட்டம் கிடையாது" என்றாள் சின்னப் பாட்டி. இருவர் சொன்னதும் உண்மைதான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

நம் பையன்களின் சச்சரவும் புதிதல்ல. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு யுத்த விளையாட்டை வகுத்துக் கொடுத்தார். தேசப்படத்தின் மேல் படைகளைக் குறிக்கும் கட்டைகள், சேதத்தைக் கணக்கிட அட்டவணைகள், பகடை, ஒரு நடுவர். நாளடைவில் அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டி அதிகாரிகளுக்குச் சலித்துப்போயிற்று. 1876-ல் வெர்டி து வெர்ன்வா என்ற தளபதி, "அனுபவமுள்ள நடுவர் போதும், பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம்" என்ற கட்சிக்குத் தலைமை தாங்கினார். என் மருமகனுக்குப் பாட்டன் முறையாக வேண்டும்!

அந்த யுத்த விளையாட்டின் வம்சத்தில் 1974-ல் அமெரிக்காவில் பிறந்ததுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் செய்தது. மூன்று சிறு புத்தகங்கள், முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள். அதில் ஒரு வேடிக்கை. அந்தப் பழைய விதிப்படி, பாத்திரங்களின் வளர்ச்சிக்குரிய புள்ளிகளில் பெரும் பங்கு கொண்டுவரும் பொன்னுக்கே கிடைத்தது. ஆகவே புத்திசாலிகள் பூதத்தோடு மோதாமல், அது தூங்கும்போது புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிற்காலப் பதிப்புகளில் பொன்னுக்குரிய மதிப்புப் போய், எதிரியை வெல்வதற்கே பெரும்பாலும் புள்ளி என்றாயிற்று. தந்திரசாலிகளெல்லாம் கத்தியை உருவினார்கள். அதே வீரன், அதே குகை. விதி மாறியதும் மனுஷன் மாறிவிட்டான். எங்கள் பாட்டி மாறவில்லையா?

ஆகவே, எந்த விதி என்பது முக்கியந்தான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், துகிலுரியும் கூத்து நடக்கும் இரவில், ஊர்ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

துரியோதனன் பணயம் வைப்பான், மாமன் சகுனி காய் உருட்டுவான். ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையா என்று தருமபுத்திரன் முணுமுணுக்கிறான். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தும் விடுகிறான். எல்லாவற்றையும் தோற்ற பிறகு திரௌபதி சபையைப் பார்த்துக் கேட்பது என்ன? தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்கிறாள். சுத்தமான ஆட்டவிதிக் கேள்வி! தர்மம் சூட்சுமமானது என்று பீஷ்மரே தடுமாறுகிறார். பகடை விழுந்தான பிறகு விதியைத் தேடினால் பீஷ்மராலும் சொல்ல முடிவதில்லை.

விளையாட்டை விட்டுச் சற்று வெளியே வருவோம். பிரெஞ்சு இந்தியப் பிரதேசங்கள் யாரோடு இருப்பது என்ற கேள்விக்குச் சந்திரநாகூரில் 1949-ல் ஜனங்களே நேரில் வாக்களித்தார்கள். புதுச்சேரி விஷயத்தில், ஜனப் பிரதிநிதிகளின் வாக்கே போதும் என்று இரண்டு அரசாங்கங்களும் ஒப்புக்கொண்டன. வில்லியனூருக்கு அப்பால் கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நேரடி வாக்கெடுப்புத்தான் உத்தமம் என்று வாதிப்பவர்கள் வாதிக்கலாம். ஆனால் இன்ன விதிப்படிதான் எண்ணுவோம் என்று இரு அரசாங்கங்களும் எண்ணுவதற்கு முன்பே சம்மதித்துவிட்டன. அந்த நவம்பர் 1-ஆம் தேதியே நிர்வாகம் கைமாறியது.

எங்கள் திண்ணையில் அந்த ஒரு பேச்சு நடக்கவில்லை. பாட்டியும் சின்னப் பாட்டியும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். தன் வீட்டு விதிதான் உலகத்து விதி என்று இருவருமே நினைத்துவிட்டார்கள். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நெருங்கியவர்களிடந்தான் நாம் கேட்க மறந்துபோகிறோம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன் சற்று நேரம் பேசாமலிருந்தான். அன்றிரவு நண்பர்களோடு நெடுநேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் எந்தப் புத்தகம் ஜெயித்தது என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் பாட்டியின் பித்தளைப் பகடைகளைப் பரணிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தான். சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கீறினான். நான் காயை எடுத்து வைத்தேன். அவன் உருட்டவில்லை. பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"முதலில் சொல்லுங்கள், மாமா. வெட்டு உண்டா, இல்லையா?"