ஆத்தங்குடிப் பூக்கல்

செட்டிநாட்டு வீடுகளின் வைபவத்தைப் பேசுகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும், இத்தாலியச் சலவைக்கற்களையும், கப்பலேறி வந்த சரவிளக்குகளையும் வியந்துவிட்டு, இத்தனைக்கும் கீழே காலடியில் வருஷக்கணக்காக மலர்ந்து கிடக்கும் பூக்களை மறந்துவிடுகிறார்கள்.

பர்மா, இலங்கை, மலேயா முதலிய தேசங்களில் லேவாதேவி நடத்திய நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகர், ஈட்டிய திரவியத்தைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சொந்த ஊர்களில் மாளிகைகளை எழுப்பியபோது, இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பூவோடுகள் வந்து இறங்கின. சூளையில் சுடாமல் சிமெண்டிலேயே வர்ணக் கல் வார்க்கும் முறையோ, அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் பிரான்சில் தோன்றித் தேசந்தோறும் பரவியது. அது காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் வேரூன்றி, அவ்வூர் மணலையும் அவ்வூர்க் கைப்பழக்கத்தையும் ஏற்றுத் தனிக் கலையாக வளர்ந்தது.

கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, இதழுக்கும் இலைக்கும் வரம்பு வகுத்த உலோக அச்சை அதனுள் பொருத்தி, கூழாகக் கரைத்த வர்ணச் சிமெண்டைத் தொழிலாளி சிறு கரண்டியால் அறை அறையாக வார்க்கிறார். அச்சைத் தூக்கி, ஈரத்தை இழுக்கும்படி சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, சாந்தை நிரப்பிக் கரணையால் மட்டம் செய்கிறார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறி, உலர்ந்து, கண்ணாடி நீங்கிய கல்லின் முகத்தில் அந்தக் கண்ணாடியின் வழவழப்பே தங்கிவிடுகிறது. அச்சின் துணையின்றிக் கையோட்டத்திலேயே பூவும் கொடியும் வார்க்கும் தேர்ச்சியும் இவர்களிடம் உண்டு.

காரம் மிகுந்த சிமெண்டில் தாவரச் சாயங்கள் நிலைப்பதில்லை; ஆகையால் காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆக்சைடு தரும் சில வர்ணங்களைக்கொண்டே திருப்தியடைய வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடே வர்ண விவேகமாயிற்று. எதிரெதிர் வர்ணங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று ஒளிரச் செய்யும் என்று கோப்லான் திரைச்சீலை ஆலையின் ரசாயன அறிஞர் செவ்ருல் 1839-இல் நூலெழுதி விளக்கிய தத்துவத்தை, சிவந்த தரையில் பச்சை இலை பதிந்த எந்தச் செட்டிநாட்டு வீட்டு வளவிலும் கண்ணால் காணலாம். கல்லுக்குக் கால் பூவாக நான்கு கற்கள் கூடி முழு மலராவதும், சேலைக்குக் கரைபோல ஓரக்கற்கள் அந்த மலர்க்கூட்டத்தை வளைத்து நிற்பதும் இத்தரையின் அமைப்பு முறை.

அந்நிய முறை இங்கே இத்தனை சுலபமாகச் சொந்தமானதற்கு, அரிசிமாவைக் கரைத்துத் துணியில் நனைத்து, விரல்வழி ஒழுகவிட்டு நடுவீட்டுக் கோலமிட்ட ஆச்சிமாரின் பயிற்சியே காரணம் என்பது என் துணிபு. தரை மங்களத்துக்குரிய ஸ்தானம் என்பதை அந்த வீடுகள் முன்பே அறிந்திருந்தன.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபின் நகரத்தாரின் ஐசுவரியம் குன்றியது. பல வீடுகள் பூட்டப்பட்டன. தூண்களும் கதவுகளும் பழம்பொருளாகக் காரைக்குடிக் கடைகளில் விலையாயின. பெயர்த்தால் உடையும் பூக்கல்லோ பெரும்பாலும் வீட்டோடு நின்றது. 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பட்டியல் கட்டடத்துக்குக் கௌரவம் தருமேயன்றிக் கரண்டி பிடிக்கும் கைக்குக் கூலி தராது. புதிதாக வீடு கட்டும் தமிழர் ஒரு கூடத்துக்கேனும் ஆத்தங்குடிக் கல்லைப் பதிப்பாரானால், அதுவே இக்கலைக்குச் செய்யும் மெய்யான சம்ரட்சணை.