ஐந்தாண்டு ஆயுள் கொண்ட பதிவேடு

ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டாரத்தில், ஆநிரை மீட்டு மாண்ட ஆண்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகள் தாண்டியும் நடுகற்களில் நிற்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து நூலாக்கியது 1972இல். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் மருத்துவமனைகளில் பெண்களின் பெயர்கள் மட்டுமே ஏறும் பதிவேடு ஒன்று உண்டு. அதை அழித்தே ஆக வேண்டும் என்கிறது விதி.

அதுவரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவே ஆட்சி செய்தது. கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் மூன்றாண்டு வரை சிறை. சாந்திலால் ஷா குழு 1966இல் அறிக்கை தந்து, 1971இல் சட்டம் வந்தபோதும் அந்தப் பிரிவு நீக்கப்படவில்லை. மருத்துவருக்கு ஒரு விலக்கு கிடைத்தது, அவ்வளவே. ஆகவே ஒரு பெண்ணின் பெயர் ஏறிய தாள் எந்த நேரமும் அவளுக்கு எதிரான சாட்சியாகலாம். மக்கள்தொகைக் கவலையோடு சட்டம் இயற்றியவர்கள் இதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

2003ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளைப் படித்தால் அந்தக் கவனம் தெரியும். சேர்க்கைப் பதிவேடு ஓர் இரகசிய ஆவணம். அறுவை அரங்கக் குறிப்பிலோ மருத்துவச் சீட்டிலோ பெயர் வரக்கூடாது, வரிசை எண் மட்டுமே. ஒப்புதல் படிவம் உறையிலிட்டு முத்திரையிடப்பட்டு, மேலே ‘இரகசியம்’ என்று குறிக்கப்படும். கடைசிப் பதிவிலிருந்து ஐந்தாண்டு முடிந்ததும் பதிவேட்டையும், கருக்கலைப்பு நடந்து மூன்றாண்டு முடிந்ததும் மற்றத் தாள்களையும் அழிக்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் விலக்கு உண்டு. எப்படி அழிப்பது என்று விதி விளக்குவதில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போன தாள் கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும் நாட்டில் இது சின்ன ஓட்டையல்ல.

வரலாறு எழுதுகிறவளுக்கு இது இழப்புதான். எங்களுக்குத் தாள்தான் சோறு. ஆனாலும் இந்தத் தாள் எரியட்டும்.

ஜமுனாமரத்தூர் போன்ற இடத்தில் இது இன்னும் கூர்மையாகும். சுற்றிலும் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்கள். காத்திருப்போரில் பாதிப்பேர் மாமன் மச்சான் உறவு. பதினெட்டுக்கு முன் மணமான பெண் கர்ப்பமானால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயமே அவளை நாட்டு மருந்துக்குத் துரத்தும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தைக் காவல்துறைக்குத் தர வேண்டியதில்லை என்றது. இந்தத் தீர்ப்பு மலையேறியதா என்பதை அங்குள்ள செவிலியர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே, தமிழ்நாட்டில் கர்ப்பம் தொடங்கியதுமே பிக்மி இணையதளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. அதன் 17ஆம் பிரிவு அந்தக் கடமையிலிருந்து அரசை விடுவிக்கிறது.