இரண்டு கீழறைகள், நாற்பது மில்லி செகண்ட்

இங்கே புணேயில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், ஊரிலிருந்து அழைத்து வந்த அப்பா, மாமனாரின் பேஸ்மேக்கர் பேச்சும் வந்துவிடும். சி.ஆர்.டி. என்கிற மூன்று ஒயர் ரகம் என்றால், "எக்கோ பார்த்து டைமிங் செட் பண்ணினாங்களா?" என்று யாராவது கிளப்பிவிடுவார். என் மாமனாருக்காக நானும் கேட்டேன். "அவசியமில்லை சார்" என்றார் டாக்டர். ஏன் என்று தேடியதில் கிடைத்த கதை இது.

சிலருக்கு இடது கீழறைக்கு மின்சாரம் போகும் பாதையில் தடை. வலது சுருங்கிய பிறகே இடது சுருங்கும். ஒரே வண்டியில் பூட்டிய மாடுகளில் ஒன்று பின்தங்குகிற மாதிரி. 1994இல் பிரான்சின் செர்ஜ் கசோ குழு, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு நான்கு அறைகளையும் ஒயரால் இயக்கிப் பலன் கண்டதை எழுதியது. 2005இல் வந்த கேர் எச்.எஃப். ஆய்வில் 813 பேர். மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மரணம் 36 சதவீதம் குறைவு. கருவி நல்ல கருவிதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆரம்பத்தில் இரண்டு கீழறைகளுக்கும் ஒரே நேரத்தில்தான் மின்துடிப்பு. பிறகு வந்தவற்றில் ஒன்றை 20, 40 மில்லி செகண்ட் முந்தவிடலாம். எது முந்த வேண்டும், எவ்வளவு? அதைச் சொல்லத்தான் எக்கோ. (1953இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் பார்க்கிற கருவியைக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்ததில் பிறந்தது அது!) 2002இல் டென்மார்க்கின் பீட்டர் சோகார்ட் குழு 20 பேருக்கு இப்படி இடைவெளியை அமைத்தது, இதயம் இன்னும் நன்றாக இறைத்தது. ஆளுக்கு ஆள் தனிக்கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை.

ஆனால் பெரிய ஆய்வுகளில் டாலியாகவில்லை. 2006இல் 121 பேரை வைத்து நடந்த ரிதம் 2 ஆய்வில், எக்கோ பார்த்து இடைவெளி வைத்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2008இல் பிராஸ்பெக்ட்: 53 மையங்கள், 498 பேர். யாருக்குக் கருவி பலன் தரும் என்று கணிக்க எக்கோவின் 12 அளவுகளைச் சோதித்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரே படத்தை இருவர் அளந்தால் இரண்டு விடை. ஒரே வவுச்சருக்கு இரண்டு தொகை வந்தால் ஆடிட்டர் விடுவாரா?

அடுத்தது பயமுறுத்தியது. ஈசிஜியில் அகலம் காட்டாதவர்களை, எக்கோவில் தாளம் தப்புகிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுத்து 809 பேருக்குக் கருவி வைத்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மட்டும் இரட்டைத் துடிப்பை இயக்கினார்கள். 2013இல் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இயக்கியவர்களில் 45 மரணம், இயக்காதவர்களில் 26.

அதனால்தான் எல்லோருக்கும் எக்கோ வைத்து டைமிங் திருப்புவது இன்று வழக்கமில்லை. கருவி வைத்தும் மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஒயர் இருக்கும் இடம், ஈசிஜி எல்லாம் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் எக்கோ. அடுத்த செக்கப்பில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "பேசிங் எத்தனை சதவீதம்?" 98க்குக் குறைந்தால், ஏன் என்றும் கேளுங்கள்.