நாற்பத்து நான்கு ஆசிரியர்களும் ஒரு வாக்குச் சீட்டும்



மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்து, "சார், பழைய ஞாபகங்களையே எல்லாரும் எழுதித் தர்றாங்க. நீங்க ஒரு பாடம் எழுதுங்க" என்றார்கள். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியனிடம் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? வரலாறுதான் கிடைக்கும்.

மூன்றாம் ஆண்டில் அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு லிட்டில் ராக் என்ற ஊர் நினைவிருக்கும். ஆர்க்கன்சா மாநிலத்தின் தலைநகரம். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அங்குள்ள சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர வந்தபோது ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையை நிறுத்தித் தடுத்தார். (அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் ஆளுநர் போல நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி.) குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பி, அந்த ஒன்பது பேரையும் பள்ளிக்குள் கொண்டு சேர்த்தார்.

பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடும். நானும் பல வருடங்கள் அதோடுதான் நிறுத்தினேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், ராணுவம் திரும்பிப் போன பிறகு என்ன ஆச்சு?" என்றான். பரீட்சைக்கு வராத கேள்வி. ஆனால் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

பள்ளி வாரியம் என்பது

நம் பெரியவர்கள் "போர்டு ஹைஸ்கூல்" என்பார்கள். ஜில்லா போர்டு நடத்திய பள்ளி என்று பொருள். அமெரிக்காவில் போர்டு என்றால் பள்ளிகளுக்கென்றே தனியாக உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு. ஆசிரியரை நியமிப்பது, நீக்குவது, வரவு செலவு பார்ப்பது எல்லாம் அதன் கையில். லிட்டில் ராக் வாரியத்தில் ஆறு உறுப்பினர்கள். சாதாரண நாட்களில் இந்தத் தேர்தலை ஊரில் பாதிப் பேர் கண்டுகொள்வதே இல்லை.

இழந்த ஆண்டு

ஒன்பது பேரில் எர்னஸ்ட் கிரீன் என்பவர் மட்டும் 1958 மே மாதம் அப்பள்ளியில் படிப்பை முடித்தார். முதல் கறுப்பினப் பட்டதாரி அவரே. அந்த விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பள்ளி வாரியம், "நிலைமை சரியில்லை, இரண்டரை வருடம் தள்ளிவையுங்கள்" என்று நீதிமன்றம் போனது. 1958 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அன்றைக்கே ஃபாபஸ் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூட உத்தரவிட்டார். பூட்டப்பட்டவற்றில் கறுப்பினத்தவருக்கான ஹோரஸ் மான் பள்ளியும் ஒன்று. அதே மாதம் 27ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் இன ஒருங்கிணைப்புக்கு எதிராக 19,470 பேர், ஆதரவாக 7,561 பேர். அதாவது பள்ளிகள் பூட்டியே கிடக்கட்டும் என்று ஊரே சொல்லிவிட்டது.

3,665 மாணவர்கள் தெருவில் நின்றார்கள். வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் புதிதாகத் திறந்த தனியார் பள்ளிக்கோ, வெளியூர் உறவினர் வீட்டுக்கோ போய்ப் படித்தார்கள். கறுப்பின மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்தப் பள்ளியும் கிடைக்கவில்லை. சிலர் வேலைக்குப் போனார்கள், சிலர் படிப்பையே விட்டார்கள். ஆசிரியர்களோ ஒப்பந்தப்படி தினமும் வந்து காலி பெஞ்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியனாக இருந்தவன் என்பதால் சொல்லுகிறேன், அதைவிடப் பெரிய தண்டனை எங்களுக்குக் கிடையாது.

வீட்டுக் கூடத்தில் ஒரு சங்கம்

செப்டம்பர் 16 அன்று, எழுபத்தைந்து வயது அடோல்ஃபீன் டெர்ரி அம்மையாரின் வீட்டில் சுமார் அறுபது பெண்கள் கூடினார்கள். விவியன் ப்ரூவர், வெல்மா பவல் இருவரும் உடன் நின்றார்கள். பள்ளிகளைத் திறக்கப் பாடுபடும் 'பெண்கள் அவசரக் குழு' அப்படிப் பிறந்தது. உறுப்பினர் பெயர்களை ரகசியமாக வைத்தார்கள். கணவரின் வேலை போய்விடும், வீட்டில் கல் விழும் என்ற பயம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளையர் ஓட்டு கைவிட்டுப் போய்விடுமோ என்று, கறுப்பினப் பெண்களை அந்தக் குழுவில் சேர்க்கவில்லை. நல்ல காரியத்திலும் அந்தக் காலத்தின் அழுக்கு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

நவம்பரில் வாரிய உறுப்பினர்களில் ஐந்து பேர் ராஜினாமா செய்தார்கள். ஆறாமவர் காங்கிரசுக்குத் தேர்வாகியிருந்தார். டிசம்பர் 6 தேர்தலில் முடிவு சரிபாதி: பிரிவினைவாதிகள் மூவர், மிதவாதிகள் மூவர். எதற்கெடுத்தாலும் மூன்றுக்கு மூன்று. ஐந்து மாதம் இழுபறி.

1959 மே 5

அன்றைய கூட்டத்தில், ஒருங்கிணைப்புக்குத் துணைபோனதாகச் சந்தேகிக்கப்பட்ட ஆசிரியர்களை நீக்க வேண்டும் என்று ஒரு தரப்பு நின்றது. மிதவாதிகள் மூவரும் 'கோரம் இல்லாமல் போகட்டும்' என்று எழுந்து வெளியேறினார்கள். மீதமிருந்த மூவரும், எட் மெக்கின்லி தலைமையில், கோரம் இருப்பதாகத் தாங்களே தீர்மானித்துக்கொண்டு 44 பேரின் வேலையைப் பறித்தார்கள். சென்ட்ரல் பள்ளித் தலைமையாசிரியர் ஜெஸ் மாத்யூஸ், துணைத் தலைமையாசிரியர் எலிசபெத் ஹக்கபி அம்மையார் ஆகியோரும் அதில் அடக்கம். விசாரணையும் இல்லை, விளக்கமும் கேட்கவில்லை.

இங்கேதான் ஊர் திரும்பியது. "பள்ளியை மூடு" என்று ஓட்டுப் போட்ட பல பேருக்கு, "எங்க பிள்ளைக்குப் பாடம் சொன்ன டீச்சரை நீக்கினாயா?" என்று கோபம் வந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கூடின. 1957க்குப் பிறகு புதிய தொழிற்சாலை எதுவும் ஊருக்கு வரவில்லையே என்று ஏற்கெனவே கவலையில் இருந்த வியாபாரிகள், சில நாளில் 'ஸ்டாப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இந்த அக்கிரமக் களையெடுப்பை நிறுத்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. உறுப்பினர்களைத் திரும்ப அழைக்கும் உரிமை வாக்காளருக்கு இருந்தது. ஒரு பக்கம் பிரிவினைவாதிகள் மூவரை நீக்க மனு. எதிர்ப்பக்கம் 'கிராஸ்' என்ற அமைப்பு மிதவாதிகள் மூவரை நீக்க மனு. ஆறு பேர் தலையெழுத்தும் ஒரே சீட்டில்!

ஓட்டு எண்ணிய விதம்

மேடைப் பேச்சில் ஜெயித்த தேர்தல் இல்லை இது. பெண்கள் குழு வாக்காளர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை போட்டது. 'புண்ணியவான்கள், பாவிகள், திருத்தக்கூடியவர்கள்' என்று சிரித்துக்கொண்டே மூன்று கட்டாகப் பிரித்தார்களாம். பாவிகளோடு வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. புண்ணியவான்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டு சேர்ப்பதும், மூன்றாவது கட்டைத் தேடிப் போய்ப் பேசுவதுமே வேலை. ஓட்டுப் போட ஒரு டாலர் தலைவரி கட்டிய ரசீது இருக்க வேண்டிய காலம் அது.

மே 25 அன்று வாக்குப்பதிவு. பிரிவினைவாதிகள் மூவரும் நீக்கப்பட்டார்கள், மிதவாதிகள் மூவரும் தப்பினார்கள். வித்தியாசம் சொற்பம்தான். வசதியான வெள்ளையர் வார்டுகளும் கறுப்பின மக்களின் வார்டுகளும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. ஸ்டாப் அமைப்பு மேடையில் இன சமத்துவம் பேசவே இல்லை. ஆசிரியருக்கு நியாயம் என்று மட்டுமே பேசியது. ஆனாலும் அந்த ஓட்டை வெற்றியாக்கியதில், மேடையில் இடம் கிடைக்காத கறுப்பின வாக்காளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நீக்கப்பட்ட ஆசிரியர்களில் பெரும்பாலோர் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். ஜூன் 18 அன்று பள்ளி மூடல் சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்ட் 12 அன்று பள்ளிகள் திறந்தன. ஊர்வலமாக வந்த எதிர்ப்பாளர்களை இம்முறை உள்ளூர் போலீசே தடுத்தது. தீயணைப்புக் குழாய் தண்ணீரும் பீய்ச்சப்பட்டது. செப்டம்பரில் பள்ளி வாரிய அலுவலகத்தில் வெடிகுண்டு வெடித்தது. ஆனாலும் பள்ளி மூடவில்லை. ஒன்பது பேரில் ஜெஃபர்சன் தாமஸ், கார்லோட்டா வால்ஸ் இருவரும் 1960இல் அங்கேயே படிப்பை முடித்தார்கள். நகரின் எல்லா வகுப்புகளும் ஒன்றாக இன்னும் பல வருடங்கள் பிடித்தன. ஒரே தேர்தலில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

நமக்கு என்ன?

"அதெல்லாம் சரி சார், அமெரிக்காக் கதை நமக்கெதுக்கு?" என்று கேட்பீர்கள். நம் ஊரில் இப்படி ஓட்டுப் போட்டு ஆசிரியரை நியமிக்கும் வாரியம் இல்லை. அந்த அதிகாரம் உள்ளூரில் இருந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு மே 5ஆம் தேதியே சாட்சி. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? "யாரோ பார்த்துக்குவாங்க" என்று நாம் வீட்டில் இருக்கும் நாளில், யாரோ மூன்று பேர் கோரம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள். லிட்டில் ராக் எனக்குச் சொன்ன பாடம் இவ்வளவுதான்.

1998இல் டெர்ரி அம்மையார் வீட்டுச் சன்னல் கண்ணாடிகளில், ஒரு காலத்தில் ஒளித்து வைத்த அந்த உறுப்பினர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். வெளிச்சம் படும்போது பெயர்கள் தெரியும்.

கடைசி பெஞ்சில் எழுந்து கேள்வி கேட்ட அந்த மாணவன் இந்த ஒன்றுகூடலுக்கு வந்தால் என்னை வந்து பார்க்கவும். பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளப்பா.